நிலவுக்குப் போனவரின் கையொப்பம்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், பாடசாலை விட்டபின், உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவன் ஒருவன் ஆசிரியர் அறைக்கு வந்து என்னைக் கண்டான். அவனது கையிலே பழுப்பேறிய பெரிய கடிதவுறை ஒன்று இருந்தது. "சேர், இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?" என்று தயங்கி நீட்டினான். உறையினுள்ளே ஒரு வர்ணப்படம். வெண்ணிற விண்வெளி உடையணிந்த மூவர். அவர்களின் பின்னே பெரிய முழுமதி. நீல் ஆம்ஸ்ரோங், மைக்கேல் கொலின்ஸ், எட்வின் ஓல்ட்றின் ஆகிய அப்பலோ 11 வீரர்களின் படம் அதுவென்பதைச் சிறுபிள்ளையும் சொல்லும். படத்தின்மேல் மூவரின் கையொப்பங்களும் காணப்பட்டன.

அவனுடைய அப்பப்பா தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். 1969 ஆம் ஆண்டு நிலவிலே மனிதன் கால்வைத்த செய்தியை வானொலியிற் கேட்ட உவகையில், அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகருக்கு ஆங்கிலத்தில் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினாராம். பல மாதங்களின் பின் இந்தப் படம் வந்து சேர்ந்தது. அதன் பின்னர் அது அவ்வீட்டின் தலைமுறைச் சொத்தாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அப்பாச்சி காணி உறுதிகளோடு சேர்த்து இதனையும் ஒரு சேலையிற் சுற்றி எடுத்துச் சென்றார். காணி உறுதிகளுள் ஒன்று வழியிலே தவறிப் போயிற்று, படம் தப்பியது.

இவ்வளவையும் சொல்லியபின் மாணவன் தன் காரியத்துக்கு வந்தான். அவனுடைய அக்கா பொறியியல் பயில மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். தங்குமிடம், சாப்பாடு, கணினி என்று தகப்பனார் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனோ தன் கைத்தொலைபேசியில், இத்தகைய படமொன்று அமெரிக்க ஏலத்திற் பல ஆயிரம் டொலருக்கு விலைபோனதைக் கண்டிருக்கிறான். "வித்தா எவ்வளவு வரும் சேர்?" என்றான்.

நான் இளமை முதல் முத்திரை சேர்ப்பவன். முத்திரைக்காரர் வழியாகவே விண்வெளிப் பொருள் சேர்ப்போரின் உலகும் எனக்கு அறிமுகமாயிற்று. ஆயினும் உடனே ஒன்றுஞ் சொல்லாது, "தம்பி, இரண்டு கிழமை தவணை தா" என்று படத்தை வாங்கி வைத்தேன்.

நிலவுக்குச் சென்றவர்களின் கையொப்பம் ஏன் விலைபெறுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். 1968 டிசம்பர் தொடக்கம் 1972 டிசம்பர் வரையான நான்கு ஆண்டுகளில் நிலவுவரை சென்றவர்கள் 24 பேரே. அவர்களுள் நிலவின் தரையில் நடந்தவர்கள் 12 பேர். அத்தொகை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கூடவில்லை. எழுதும் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. வேண்டுவோர் பெருக, கிடைப்பது அருகினால் விலை ஏறும் என்பதைச் சந்தைக்குப் போகும் எவரும் அறிவர். அப்பலோ 1 கலத்தில் பயிற்சியின்போது 1967 சனவரி 27 ஆந் திகதி தீயில் மாண்ட மூவருள் றொஜர் சாஃபி என்பவர் ஒருமுறையேனும் விண்வெளி செல்லாதவர். புகழ் வருமுன்னே உயிர் போனமையால் அவரது கையொப்பம் பெற்றோர் மிகச் சிலர். அதனாலேயே அதன் விலையும் அதிகம். எமது நாட்டுக்கு 1961 டிசம்பரில் வந்துபோன யூரி ககாரின் 1968 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார். அவர் வந்த நாட்களிற் கையொப்பம் பெற்ற ஈழத்தவர் எத்தனை பேர், அவற்றுள் எத்தனை தாள்கள் இன்று எந்தப் பெட்டகத்தின் அடியிற் கிடக்கின்றன என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆனால் அருமை மட்டும் போதாது; உண்மையும் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. நிலவுப் பயணத்தின் பின் உலகின் நாலா திசைகளிலுமிருந்து மூட்டை மூட்டையாய்க் கடிதங்கள் வந்து குவிந்தன. அத்தனைக்கும் மூவர் இருந்து கையெழுத்திட்டால் அவர்களுக்கு வேறு வேலை பார்க்க நேரமிராது. ஆகவே விண்வெளி நிலையத்தார் கையொப்பமிடும் இயந்திரத்தை நாடினர். வீரர் ஒருமுறை இட்ட கையொப்பத்தின் வடிவிலே ஓர் அச்சு வெட்டப்படும். இயந்திரத்தின் கரம் அவ்வச்சின் விளிம்பைத் தொட்டுச் செல்ல, மறுமுனையிற் பூட்டிய உண்மையான பேனா தாளில் அதே வடிவை வரையும். மை உண்மையானது, பேனா உண்மையானது, கை மாத்திரம் இல்லை. உருப்பெருக்குக் கண்ணாடியால் மை ஊறிய பள்ளத்தைக் கண்டு, "இது அச்சடித்ததன்று, கையால் எழுதியதே" என்று ஏமாந்தவர் பலர்.

இதனைக் கண்டறியும் வழி எளிது. மனிதன் எவனும் தன் கையொப்பத்தை இருமுறை இம்மியும் பிசகாது இடுவதில்லை. காலையில் இட்டது மாலையில் சற்று நீளும். அவசரத்தில் ஓரெழுத்துச் சுருங்கும். இயந்திரமோ நூறாவது முறையும் முதன்முறை போலவே எழுதும். ஆகவே ஐயத்துக்குரிய கையொப்பத்தின்மேல், இயந்திர அச்சென்று முன்பே தெரிந்த ஒன்றின் பிரதியை வைத்து வெளிச்சத்திற் பிடித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு வீரருக்கும் என்னென்ன அச்சுகள் வழங்கின என்பதைச் சேகரிப்போர் பல ஆண்டுகள் ஒப்புநோக்கி வகுத்துவைத்துள்ளனர். வேறு குறிகளும் உள. கோடு எங்கும் ஒரே தடிப்பாயிருக்கும். பேனா தாளிற் பதியும் இடத்திலும் எடுக்கும் இடத்திலும் சிறு மைப்பொட்டு விழும். வளைவுகளிலே மெல்லிய நடுக்கம் தோன்றும்.

நான் எண்ணெய்த்தாளில் மூன்று கையொப்பங்களையும் பிரதிசெய்து, தெரிந்த அச்சுகளோடு பொருத்தினேன். இரவு பத்து மணி. மின்விளக்கின் எதிரே பிடித்தபோது ஆம்ஸ்ரோங்கின் பெயர் முதலெழுத்திலிருந்து கடைசிச் சுழிவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கிப்போயிற்று. மற்றிரண்டும் அவ்வாறே. என் மனம் சோர்ந்தது. மறுநாள் அதை அவனிடம் சொல்ல எனக்கு நாவெழவில்லை; தவணை முடியும்வரை சும்மா இருந்தேன். அந்நாட்களிலே, மெய்யான கையொப்பங்களின் கதையை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவற்றுள் ஒன்று இந்தப் பையனின் வீட்டுக் கதைக்கு மிக அண்மையில் நிற்கின்றது.

அப்பலோ 11 புறப்படுவதற்கு முன் மூன்று வீரர்களும் நோய்த்தொற்று ஏற்படாதவாறு பிறரிடமிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். மூவரும் குடும்பஸ்தர். திரும்பிவருவது நிச்சயமில்லை என்பதை அவர்கள் நன்கறிவர். நிலவுக்குச் செல்பவனுக்கு எந்தக் காப்புறுதிக் கம்பனிதான் போதிய தொகைக்கு இலகுவில் உறுதி எழுதிக் கொடுக்கும்? கேட்கும் கட்டணம் அரச சம்பளக்காரனால் இறுக்கக்கூடியதன்று. ஆதலால் அவர்கள் வேறொரு வழி கண்டனர். பயணத்தின் சின்னமும் படமும் பொறித்த கடிதவுறைகளை நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூவரும் கையொப்பமிட்டனர். அவற்றை நம்பிக்கையான நண்பரிடம் ஒப்படைத்தனர். கலம் புறப்படும் 1969 யூலை 16 ஆந் திகதியும், நிலவில் இறங்கும் யூலை 20 ஆந் திகதியும் அந்த உறைகளை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோய் அன்றைய குறி குத்துவித்துக் குடும்பத்தாரிடம் சேர்ப்பது அந்நண்பரின் பொறுப்பு. வீரர் மாண்டால், அவரது கையொப்பத்துக்கு என்ன விலை வருமென்பது சொல்லாமலே விளங்கும். அதை விற்றுப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளலாம்.

எண்ணிப் பாருங்கள். நாளை இறந்தாலும் இறப்போம் என்ற நினைவோடு, தன் மரணத்தால் விலை ஏறப்போகும் தாளிலே ஒருவன் நூற்றுக்கணக்கான முறை தன் பெயரை எழுதுகின்றான். பக்கத்திலே இருக்கும் தோழனும் அதையே செய்கின்றான். வேடிக்கை பேசிக்கொண்டு எழுதினார்களோ, மௌனமாக எழுதினார்களோ நாமறியோம்.

மூவரும் நலமே திரும்பினர். உறைகள் விற்கப்படவில்லை, வீட்டு மேசை இழுப்பறைகளிலே தூங்கின. அப்பலோ 16 வரையுள்ள பயணங்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1990 களிலேதான் அவை சந்தைக்கு வரத்தொடங்கின. 'காப்புறுதி உறை' என்ற பெயரும் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. விண்வெளிக்கே போகாத வெறுங் கடிதவுறைகள் அவை. ஆயினும் இன்று பல ஆயிரம் டொலருக்கு விலைபோகின்றன. கையொப்பம் எங்கே, எந்நாளில், யார் முன்னிலையில் இடப்பட்டதென்ற வரலாறு ஐயத்துக்கிடமின்றி இருப்பதே அதற்குக் காரணம். எனக்குக் கையிற் பணமிருந்தால், நிலவுக்குப் போய்வந்த எப்பொருளையும் விட இந்த உறைகளுள் ஒன்றையே வாங்குவேன்.

இதே உறை, இதே கையொப்பம், வேறொரு பயணத்திலே மூவரின் வாழ்வைக் கெடுத்த கதையும் உண்டு. 1971 யூலை 26 ஆந் திகதி புறப்பட்ட அப்பலோ 15 இன் தலைவர் டேவிட் ஸ்கொட். உடன் சென்றவர்கள் ஜேம்ஸ் இர்வின், அல்பிரட் வோர்டன். நிலவிலே முதன்முதல் மோட்டார் வண்டி ஓட்டியவர்கள் என்ற பெருமை ஸ்கொட்டுக்கும் இர்வினுக்கும் உரியது. அனுமதி பெற்ற உறைகளோடு, அனுமதி பெறாத உறைகள் ஏறக்குறைய 400 ஐ ஸ்கொட் தம் விண்வெளி உடையின் பையில் வைத்து நிலவுக்குக் கொண்டுசென்றார். திரும்பியதும், அவர்களைக் கடலிலிருந்து மீட்ட ஒக்கினாவா என்ற கப்பலின் அஞ்சலகத்திலே அவற்றுக்குக் குறி குத்தப்பட்டது. அவற்றுள் 100 உறைகள், முன்னரே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, மேற்கு ஜேர்மனியின் முத்திரை வியாபாரி ஹெர்மன் சீகரிடம் போய்ச் சேர்ந்தன. வீரர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கவிருந்த தொகை 7,000 டொலர் அளவு. பிள்ளைகளின் எதிர்காலத்துக்கென ஒரு நிதி வைக்கவே இதற்கு உடன்பட்டதாக அவர்கள் பின்னர் கூறினர்.

அப்பலோப் பயணங்கள் யாவும் முடியும்வரை அவை விற்கப்படமாட்டா என்று அவர்கள் நம்பியிருந்தனர். வியாபாரியோ அந்த ஆண்டிலேயே, ஒன்று 4,850 ஜேர்மன் மார்க் வீதம் விற்கத் தொடங்கிவிட்டார். செய்தி பரவியது. வீரர்கள் பணத்தை மறுத்துவிட்டனர். ஆயினும் நாசா நிறுவனத்தின் கண்டனத்துக்கும் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் விசாரணைக்கும் ஆளாயினர். மூவருள் எவரும் அதன் பின்னர் விண்வெளி செல்லவில்லை. அவர்களிடம் எஞ்சியிருந்த உறைகளும் அரசின் காவலுக்குள்ளாயின.

வேடிக்கை யாதெனில், 1983 இல் அமெரிக்க அஞ்சல் திணைக்களமும் நாசாவும் கூட்டுச் சேர்ந்து இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட உறைகளை விண்ணோடத்தில் ஏற்றி, ஒன்று 15 டொலர் 35 சதத்துக்கு விற்றன. வீரர் செய்தாற் குற்றம், அரசு செய்தால் வியாபாரமோ என்று எவரும் கேட்பர். வோர்டன் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டே அரசு உறைகளை மூவருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டது. வீரர்கள் செய்தது சரியென்று நான் வாதிடவில்லை. தலைவர் சொல்லைத் தட்டாத இளையவர் இருவரும் சேர்ந்து தண்டிக்கப்பட்டமை மாத்திரம் என் மனத்தை உறுத்துகின்றது.

பயணத்தில் உடன்சென்ற பொருட்களின் விலை கையொப்பங்களின் விலைக்கும் அப்பாற்பட்டது. அப்பலோ 13 இலே உயிர் தப்பிவர உதவிய கணக்குகளை ஜேம்ஸ் லவல் தம் கையால் எழுதிய நடைமுறைப் புத்தகம் 2011 இல் 3,88,375 டொலருக்கு ஏலம்போயிற்று. அதன் பின்னரே, 'இது உமக்குச் சொந்தமா, அரசுக்குச் சொந்தமா?' என்ற கேள்வி எழுந்தது. 2012 இல் ஒரு சட்டமியற்றி, அக்கால வீரர்கள் ஞாபகார்த்தமாக வைத்திருந்த பொருட்கள் அவர்களுக்கே உரியவை என்று தீர்த்தனர். நிலவுக் கல்லும் மண்ணும் இச்சட்டத்துள் அடங்கா. அப்பலோ வீரர் கொணர்ந்த 382 கிலோகிராமும் அரசின் உடைமையே.

சட்டத்துக்குத் தப்பிய நிலவு மண்ணும் ஒரு சிறிது உண்டு. சோவியத்தின் லூனா 16 என்னும் ஆளில்லாக் கலம் 1970 இல் கொணர்ந்த மண்ணிலிருந்து மூன்று சிறு துகள்கள், விண்கல வல்லுநர் சேர்கேய் கொறொலெவின் விதவை மனைவிக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டன. 1993 இல் நியூயோர்க் ஏலத்தில் அவை 4,42,500 டொலருக்கு விற்கப்பட்டன. 2018 இல் மீண்டும் ஏலத்துக்கு வந்து 8,55,000 டொலர் பெற்றன. அப்பலோ 11 இன் மண்ணைச் சுமந்துவந்த வெண்ணிறப் பையொன்றின் கதை இன்னும் விசித்திரமானது. அரச ஏலத்திலே தவறான பதிவெண்ணோடு விலைகூறப்பட்ட அப்பையை, 2015 இல் இலினோய் மாநிலப் பெண் வழக்கறிஞர் ஒருவர் 995 டொலருக்கு வாங்கினார். உண்மையை அறியச் சோதனைக்கு அனுப்பியபோது, நிலவுத் தூசு இருப்பது கண்டு நாசா அதைத் திருப்பித்தர மறுத்தது. வழக்கில் அவரே வென்றார். 2017 யூலை 20 ஆந் திகதி அப்பை 18 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. வாங்கும்போதிருந்த துணியும் விற்கும்போதிருந்த துணியும் ஒன்றே. இடையிலே வந்தது சான்று.

ஆம்ஸ்ரோங் பல்லாண்டுகள் கேட்டவர்க்கெல்லாம் காசு வாங்காது கையொப்பமிட்டு வந்தார். அவை விற்கப்படுவதையும், போலிகள் மலிவதையும் அறிந்து 1994 அளவில் அதை நிறுத்திக்கொண்டார். அவர் பெயரிலே போலிகள் இன்றும் எண்ணிறந்தன. 2005 இல் அவருக்கு முடிவெட்டிய நாவிதரே வெட்டிய மயிரை 3,000 டொலருக்கு ஒரு சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டார் என்றால், மனிதர் எவ்வளவு சலித்திருப்பார்! வழக்கு வருமென்று அஞ்சிய நாவிதர் அப்பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்துத் தப்பினார். 2012 இல் ஆம்ஸ்ரோங் இறந்தபின், அவருடைய மனைவியார் அலுமாரியொன்றை ஒதுக்கும்போது ஒரு வெண்ணிறத் துணிப்பை அகப்பட்டது. நிலவில் இறங்கிய காட்சியைக் கலத்தின் சாளரத்திலிருந்து படம்பிடித்த கமெரா அதனுள்ளே இருந்தது! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் அதைப்பற்றி அவர் வாய்திறக்கவில்லை. மனைவியார் வோஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலைக்கு அறிவிக்க, அப்பொருட்கள் அங்கே சேர்ந்தன.

தவணை முடிந்த நாளில் நான் மாணவனின் வீட்டுக்கே சென்றேன். அப்பாச்சி தேநீர் தந்து எதிரே அமர்ந்தார். எண்ணெய்த்தாளை விரித்து, படத்தின்மேல் வைத்துக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னேன். பையன் தலைகவிழ்ந்தான். தகப்பனார், "நான் அப்பவே நினைச்சனான் சேர்" என்றார். நினைத்திருக்கவில்லை என்பதை அவரது முகம் காட்டிற்று. அப்பாச்சி மாத்திரம், "அப்ப, உறையில எங்கட விலாசம் அடிச்சதும் மிசினோ?" என்று கேட்டார். இல்லை, அதனை யாரோ ஒரு எழுதுவினைஞர் இருந்து தட்டச்சில் அடித்திருக்கிறார், ஓரெழுத்துப் பிழைத்து மேலே திருத்தியும் இருக்கிறார் என்று காட்டினேன். அவர் உறையை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலை கேட்டால், இயந்திரக் கையொப்பமுள்ள படம் மிகச் சொற்ப தொகையே பெறும். உறையும் அஞ்சற் குறியும் சேர்ந்திருப்பதால் சேகரிப்பாளர் ஒருவர் சற்றுக் கூடுதலாகத் தரலாம்; அக்காவின் ஒரு மாதச் செலவுக்கும் அது காணாது. அவள் மகாபொலப் புலமைப்பரிசிலோடும், தாய்மாமன் அனுப்பும் சிறு தொகையோடும் படிக்கச் சென்றுவிட்டாள்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் இத்தகைய படமோ கடிதமோ இருத்தல் கூடும். இருப்பின் சில வார்த்தை. உறையை எறிந்துவிட வேண்டாம். பல வேளை சான்று அதிலேயே இருக்கின்றது. பிளாஸ்ரிக் தாளில் வைத்துச் சூடுகாட்டி ஒட்டுவது கூடவே கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டினால் பேனா மை சில ஆண்டுகளில் மங்கிவிடும். படத்தின் பின்புறத்திற் பெயர் எழுதுவதை விடுத்து, அதை யார், எப்போது, எவ்வாறு பெற்றார் என்பதைத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டு வேறொரு தாளில் எழுதி உடன்வையுங்கள்.

என் மாணவன் இதனைச் செய்துவிட்டான். அப்பாச்சி சொல்லச் சொல்ல, ஹூஸ்ரனுக்குக் கடிதம் போன நாள் முதல் தென்மராட்சிக்கு நடந்த இரவு வரை இரண்டு பக்கம் எழுதினான். இவ்வாண்டு எமது விஞ்ஞானக் கழகக் கண்காட்சியிலே படமும் உறையும் எண்ணெய்த்தாளும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. கீழே அவன் எழுதிய அட்டை: "அப்பலோ 11 வீரர்களின் படம். கையொப்பம் இயந்திரத்தினுடையது. கடிதம் எழுதியவர் எனது அப்பப்பா."